ஒற்றைக் குழாயில் ஓடிய இதயம்: பிஸ்டல் பீட்டின் கதை

கிரிக்கெட் என்றால் 99.94 என்ற எண் நமக்கெல்லாம் மனப்பாடம். டான் பிராட்மனின் சராசரி அது. அதே மாதிரி கல்லூரிக் கூடைப்பந்துக்கும் ஓர் எண் உண்டு: 44.2. ஒரு ஆட்டத்துக்கு 44.2 புள்ளி வீதம் மூன்று வருஷம் தொடர்ந்து போட்ட ஒருவர் இருந்தார். அவர் பெயர் பீட் மாராவிச். அமெரிக்காவில் பிஸ்டல் பீட் என்றால்தான் சட்டென்று தெரியும்.

1988 ஜனவரி 5 அன்று, 40-வது வயதில், ஒரு சர்ச் ஜிம்மில் நண்பர்களோடு சும்மா பொழுதுபோக்காக விளையாடிக்கொண்டிருந்தவர் சுருண்டு விழுந்து இறந்துபோனார். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர்களே அசந்துபோனார்கள். நம் எல்லோருக்கும் இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்க இரண்டு கரோனரி குழாய்கள் இருக்கும். அவருக்குப் பிறவியிலேயே இடது குழாய் இல்லை!

நான் டாக்டர் இல்லை. நம் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் படித்துவிட்டு, சப்ஸ்டேஷனும் டிரான்ஸ்ஃபார்மருமாகக் காலம் தள்ளுகிறவன். கல்லூரிக் கூடைப்பந்து அணியில் மூன்று வருஷம் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் பெஞ்சில் உட்கார்ந்துதான் என்பது என் செட் நண்பர்களுக்குத் தெரியும்! அந்த ஆசையில் மாராவிச் பற்றிப் படிக்க ஆரம்பித்து, கடைசியில் இதயக் குழாய்கள் பற்றிப் படிப்பதில் போய் நின்றேன். படித்ததை இந்த மலர் மூலம் பகிர்ந்துகொள்கிறேன். குறிப்பாக இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகள் கடைசிவரை படிக்க வேண்டும்.

பந்தோடு வளர்ந்த பையன்

பென்சில்வேனியா மாநிலத்தில் அலிக்விப்பா என்று ஓர் ஊர். இரும்பாலை ஊர். குடியேறிய செர்பிய இனக் குடும்பத்தைச் சேர்ந்த பிரெஸ் மாராவிச் அந்த ஊர்க்காரர். ஆலை வேலையிலிருந்து அவரைக் காப்பாற்றியது கூடைப்பந்து. தொழில்முறை ஆட்டக்காரராக இருந்து, பிறகு பயிற்சியாளர் ஆனார். அவருக்கு 1947 ஜூன் 22 அன்று பிறந்தவர்தான் பீட்.

அப்பாவுக்கு ஒரு கனவு: தன் மகன் உலகம் பார்க்காத கூடைப்பந்து வீரனாக வரவேண்டும். அதற்காக அவர் வகுத்த பயிற்சிகளைப் படித்தால் சிரிப்பும் வரும், கொஞ்சம் பயமும் வரும். பையன் கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் பந்தைத் தட்டுவான். சைக்கிள் ஓட்டிக்கொண்டே தட்டுவான். அப்பா காரை ஓட்ட, பையன் கதவோரம் சாய்ந்து வெளியே ரோட்டில் பந்தைத் தட்டிக்கொண்டே வருவான். அப்பா வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். சினிமாவுக்குப் போனால் நடைபாதையோரச் சீட்டில் உட்கார்ந்து படம் முடியும்வரை தட்டல். ராத்திரி தூங்கும்போதும் பந்து பக்கத்திலேயே.

உடம்பு ஒல்லி. பந்தை மேலே தூக்கி எறிய வலு போதாமல் இடுப்புப் பக்கத்திலிருந்து எறிவான். துப்பாக்கியை உறையிலிருந்து உருவிச் சுடுகிற மாதிரி இருக்கும். அதனால் வந்த பெயர்தான் பிஸ்டல்.

44.2 வந்த கதை

1966-ல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் பிரெஸ்ஸைப் பயிற்சியாளராக அழைத்தது. மகனும் அங்கேயே சேர்ந்தார். அப்போதைய விதிப்படி முதல் வருஷ மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் பிரதான அணியில் ஆடக் கூடாது. எனவே பீட்டுக்குக் கிடைத்தது மூன்று சீசன் மட்டுமே. அவர் அணிக்குள் வருவதற்கு முந்தைய சீசனில் அந்த அணி 3 ஆட்டம் ஜெயித்து 23 ஆட்டம் தோற்றிருந்தது.

அடுத்த மூன்று சீசனில் 83 ஆட்டங்கள், 3,667 புள்ளிகள். 1970-ல் அலபாமா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 69 புள்ளி. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தக் காலத்தில் மூன்று புள்ளிக் கோடே கிடையாது. அரை மைதானத்திலிருந்து போட்டாலும் இரண்டு புள்ளிதான்.

2023-ல் அன்டோயின் டேவிஸ் என்ற வீரர் ஐந்து வருஷம் விளையாடி 3,664 வரை வந்து, மூன்றே புள்ளியில் நின்றுபோனார். 2024 மார்ச்சில் அயோவா பல்கலைக்கழக மாணவி கெய்ட்லின் கிளார்க் 3,667-ஐத் தாண்டினார். அவருக்கு நான்கு வருஷமும் மூன்று புள்ளிக் கோடும் இருந்தன; அதற்காக அவர் சாதனை குறைந்ததல்ல. ஆனால் 44.2 என்ற சராசரி அசையாமல் அப்படியே நிற்கிறது.

குறை சொன்னவர்களும் இருந்தார்கள். அப்பா பயிற்சியாளர் என்பதால் எல்லாப் பந்தும் மகன் கைக்கே போகிறது, இது அணி ஆட்டமா சர்க்கஸா என்று கேட்டார்கள். தேசிய அளவிலான என்.சி.ஏ.ஏ. போட்டியில் ஒருமுறைகூட அவர் ஆடவில்லை என்பதும் உண்மை. ஆனால் தொளதொளவென்று கீழே சரிந்த சாக்ஸோடு அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து பந்தைக் கடத்துவதைப் பார்க்க அரங்கு நிறைந்து வழிந்தது.

பணம் வந்தது, நிம்மதி வரவில்லை

1970-ல் அட்லாண்டா ஹாக்ஸ் அணி அவரைச் சுமார் 19 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அன்றைக்கு அது யாரும் கேள்விப்படாத தொகை. அணியில் பல வருஷம் உழைத்த மூத்த வீரர்களுக்கு அது உறுத்தியது. புதுசாக வந்த பையனுக்கு இவ்வளவா என்ற மனக்கசப்பு. பீட் குடிக்கப் பழகினார்.

1974-ல் புதிதாக உருவான நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அதே வருஷம் அவருடைய அம்மா தற்கொலை செய்துகொண்டார். அந்தத் துக்கத்தை மனதில் வைத்துக்கொண்டேதான் அவர் ஆடினார். 1976-77 சீசனில் ஆட்டத்துக்கு 31.1 புள்ளி எடுத்து என்.பி.ஏ.வின் முதல் இடத்தைப் பிடித்தார். 1977 பிப்ரவரி 25 அன்று நியூயார்க் அணிக்கு எதிராக 68 புள்ளி. 1978 ஜனவரியில் முழங்கால் போயிற்று. அதற்குப் பின் பழைய வேகம் திரும்பவில்லை. கடைசியில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் சில மாதம் ஆடிவிட்டு 1980-ல் ஓய்வு பெற்றார். மொத்தம் பத்து சீசன்.

இங்கே ஒரு விசித்திரம். 1974-ல் ஒரு பத்திரிகையாளரிடம் பேசும்போது, பத்து வருஷம் என்.பி.ஏ.வில் ஆடிவிட்டு நாற்பது வயதில் மாரடைப்பில் சாக எனக்கு இஷ்டமில்லை என்கிற பொருளில் சொல்லியிருக்கிறார். ஏதோ வாய் போன போக்கில் சொன்னது. அப்படியே நடந்தது. இதில் ஜோசியம் எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் படித்தபோது நெஞ்சு ஒரு நிமிஷம் கனத்துப்போனது.

ஓய்வுக்குப் பின் இரண்டு வருஷம் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார். சைவ உணவு, யோகா, வேற்றுக்கிரக வாகன ஆராய்ச்சி என்று எதையெல்லாமோ தேடினார். 1982-ல் கிறிஸ்தவ நம்பிக்கையில் அமைதி கண்டார். குடியை விட்டார். சிறுவர்களுக்குக் கூடைப்பந்து முகாம் நடத்தினார். அப்பாவோடு இருந்த பழைய இறுக்கமும் தளர்ந்தது. 1987 ஏப்ரலில் அப்பா புற்றுநோயில் இறந்தார். அடுத்த மாதமே பீட்டுக்குக் கூடைப்பந்து புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. மகனுக்காக வாழ்ந்த அப்பா அதைப் பார்க்காமலே போய்விட்டார்.

எட்டே மாதம். ஒரு வானொலி நிகழ்ச்சிப் பதிவுக்காகக் கலிபோர்னியா போன பீட், பசடேனா நகரில் ஒரு சர்ச் ஜிம்மில் காலை ஆட்டத்தில் கலந்துகொண்டார். ஆட்டத்தின் நடுவே ஓய்வு. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு நன்றாக இருக்கிறேன் என்று பதில் சொன்னார். சொல்லி முடித்த சில விநாடிகளில் விழுந்தார். நண்பர்கள் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. மனைவியும் இரண்டு சிறு பையன்களும் லூசியானாவில் இருந்தார்கள்.

ஒரு எலக்ட்ரிக்கல் ஆசாமியின் பார்வையில்

தொழிற்சாலைக்கு இரண்டு ஃபீடர் கொடுப்பது நம் தொழிலில் சாதாரணம். ஒன்று போனால் இன்னொன்று. இதயத்திலும் மகாதமனியின் அடியிலிருந்து வலது, இடது என இரண்டு கரோனரி குழாய்கள் கிளம்புகின்றன. இடது குழாய் இரண்டாகப் பிரிந்து இதயத்தின் முன்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் போகிறது. உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளும் இடது கீழறைக்கு முக்கியமான சப்ளை அதுதான். ஆனால் இவை ஸ்டாண்ட்பை ஃபீடர்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஏரியா. ஒன்று திடீரென்று அடைபட்டால் மற்றது உடனே கைகொடுக்காது.

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது. அதில் ஏறக்குறைய 5 சதவீதம், அதாவது கால் லிட்டர், தனக்கே எடுத்துக்கொள்கிறது. அந்த ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனில் முக்கால்வாசியை ஓய்விலேயே உறிஞ்சிவிடுகிறது. கையில் ரிசர்வ் இல்லை! ஓடும்போது கூடுதல் ஆக்ஸிஜன் வேண்டுமானால் ஒரே வழி, ரத்த ஓட்டத்தை மூன்று நான்கு மடங்கு கூட்டுவதுதான். இன்னொரு சிக்கலும் உண்டு. இடது கீழறையின் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இதயம் விரியும் நேரத்தில்தான் போகிறது. துடிப்பு வேகம் கூடக்கூட அந்த நேரம் சுருங்கிக்கொண்டே வரும். டிமாண்ட் கூடும்போது சப்ளை நேரம் குறைகிறது. எந்த இன்ஜினீயரும் இப்படி ஒரு டிசைனைப் பார்த்தால் தலையில் கை வைப்பான்.

பீட்டுக்கு வலது குழாய் ஒன்றே இதயம் முழுவதற்கும் ரத்தம் கொடுத்துவந்தது. ஒற்றை ஃபீடரில் பத்து வருஷம் தொழில்முறை ஆட்டம்! அதற்கு முன்னால் நாளெல்லாம் பயிற்சி. பெரும்பாலான நாளில் அது தாங்கியது. ஒரு நாள் தாங்கவில்லை.

இதை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியாதா? கரோனரி ஆஞ்சியோகிராஃபி 1958-லேயே மேசன் சோன்ஸ் என்ற டாக்டரால் வந்துவிட்டது. ஆனால் நன்றாக ஓடியாடும் ஒரு வாலிபனுக்கு யார் போய்க் குழாய் விட்டுப் பார்ப்பார்கள்?

பிறவிக் கோளாறும் பழுதுபார்ப்பும்

கரோனரி குழாய்களின் பிறவிக் கோளாறுகள் பல வகை. பெரும்பாலானவை தொந்தரவில்லாமல் ஆயுள் முழுக்கக் கூடவே இருக்கும். ஆபத்தானவற்றில் இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, கைக்குழந்தைகளைத் தாக்குவது. இடது குழாய் மகாதமனியில் கிளம்பாமல், நுரையீரலுக்குப் போகும் தமனியில் தவறுதலாக இணைந்திருக்கும். 1933-ல் பிளாண்ட், ஒயிட், கார்லண்ட் என்ற மூன்று பாஸ்டன் டாக்டர்கள் இதை விவரித்தார்கள். சுமார் மூன்று லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கும். பிறந்த புதிதில் நுரையீரல் தமனியில் அழுத்தம் அதிகம் என்பதால் தெரியாது. சில வாரங்களில் அழுத்தம் இறங்கியதும், இதயத் தசைக்குப் போகவேண்டிய ரத்தம் போகாமல் திரும்பி ஓட ஆரம்பிக்கிறது. குழந்தை பால் குடிக்கும்போது வியர்த்து, வெளுத்து, வீரிட்டு அழும். கவனிக்காமல் விட்டால் பத்தில் ஒன்பது குழந்தைகள் முதல் வருஷத்தைத் தாண்டுவதில்லை. ஆனால் ஆபரேஷன் செய்தால் பிழைக்கும். ஹார்ட்-லங் மெஷினில் வைத்து, அந்தக் குழாயின் வாயை ஒரு சட்டைப் பொத்தான் மாதிரிச் சுற்றித் திசுவோடு வெட்டி எடுத்து, மகாதமனியில் தைத்துவிடுகிறார்கள். தூரம் அதிகமாக இருந்தால், 1979-ல் தகேயுச்சி என்ற ஜப்பானிய சர்ஜன் காட்டிய வழியில், நுரையீரல் தமனிக்குள்ளேயே ஒரு சுரங்கம் அமைத்து ரத்தத்தைக் கொண்டுவருவதும் உண்டு. ஒரு லைனைத் தவறான பஸ்பாரிலிருந்து கழற்றிச் சரியான பஸ்பாரில் மாட்டுகிற வேலைதான். ஆனால் பஸ்பார் சில மில்லிமீட்டர்! செத்துவிட்டது போலத் தெரிந்த இதயத் தசை, சரியான ரத்தம் கிடைத்ததும் மெல்ல மெல்லத் திரும்ப வேலை செய்ய ஆரம்பிப்பதுதான் இதில் பெரிய அதிசயம்.

இரண்டாவது வகை, இளம் விளையாட்டு வீரர்களுக்கு எமன். குழாய் மகாதமனியிலிருந்துதான் கிளம்பும், ஆனால் தப்பான பக்கத்திலிருந்து. இடது குழாய் வலப்பக்கத்தில் கிளம்பி, மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே நுழைந்து இடப்பக்கம் போகும். அதன் முதல் பகுதி மகாதமனியின் சுவருக்குள்ளேயே புதைந்து ஓடும். வாய் வட்டமாக இல்லாமல் கீற்றுப் போல இருக்கும். ஓய்வில் பிரச்னை இல்லை. ஓடும்போது மகாதமனி விம்ம, அந்தக் கீற்று நசுங்குகிறது. அமெரிக்க இளம் வீரர்களின் திடீர் மரணங்களை ஆராய்ந்த புகழ்பெற்ற பட்டியல்களில், இதயத் தசை தடிக்கும் நோய்க்கு அடுத்த இடம் இந்த வகைக் கரோனரி கோளாறுகளுக்கே.

இதற்கு முக்கியமான ஆபரேஷன் ஒன்று உண்டு. சுவருக்குள் புதைந்து ஓடும் பகுதியின் உள்பக்க மூடியை நீளவாக்கில் வெட்டித் திறந்துவிடுவது. குறுகிய கீற்று அகலமான வாயாகிவிடுகிறது. அது பொருந்தாத இடத்தில், குழாயை வெட்டிச் சரியான பக்கத்தில் பொருத்துவார்கள். பைபாஸ் ஒட்டுக்குழாய் போடலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஓய்வில் சொந்தக் குழாயிலேயே ரத்தம் நன்றாக ஓடுவதால், ஒட்டுக்குழாயில் ஓட்டம் குறைந்து அது காலப்போக்கில் மூடிக்கொள்ளும். அதனால் சர்ஜன்கள் அதை விரும்புவதில்லை. இடது குழாய் இப்படித் தமனிகளுக்கு நடுவே ஓடினால், தொந்தரவு இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். வலது குழாய் மட்டும் இப்படி இருந்து, அறிகுறியும் இல்லை, பரிசோதனையும் சரி என்றால் கண்காணித்து வரலாம். ஆபரேஷனுக்குப் பின் சுமார் மூன்று மாதம் ஓய்வு. பிறகு ஓடவைத்துப் பரிசோதித்து, சரியென்றால் மைதானத்துக்கே திரும்பலாம்.

பீட்டின் நிலைமை வேறு. திறந்துவிடவோ இடம் மாற்றவோ அங்கே இடது குழாயே இல்லை. 18 வயதில் கண்டுபிடித்திருந்தால் அவரை மைதானத்திலிருந்து வெளியேற்றியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். 44.2 என்ற எண் உலகத்துக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அந்த இரண்டு பையன்களுக்கு அப்பா இருந்திருக்கலாம். தெரியாமல் போனதே நல்லது என்று சில ரசிகர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இருந்திருக்க வேண்டும். இன்றைக்கு அது நம்மால் முடியும் என்பதுதான் வித்தியாசம்.

நமக்கு இதில் என்ன?

மைதானத்தில் ஒரு பையன் மயங்கி விழுந்தால் நாம் என்ன சொல்வோம்? காலையில் சாப்பிடலை, வெயில், தூக்கம் பத்தலை. பத்துக்கு ஒன்பது முறை அது சரியாகவே இருக்கும். பத்தாவது முறைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மயக்கம், ஓடினால் நெஞ்சு வலி, காரணமில்லாமல் படபடப்பு, குடும்பத்தில் யாராவது ஐம்பது வயதுக்குள் திடீரென்று இறந்திருப்பது: இதில் எது இருந்தாலும் இதய டாக்டரைப் பார்க்காமல் மறுபடி விளையாடக் கூடாது. ஈ.சி.ஜி. நார்மல் என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். இந்தக் கோளாறில் அது பெரும்பாலும் நார்மலாகவே வரும். எக்கோ எடுக்கும்போது கரோனரி குழாய்கள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். சந்தேகம் வந்தால் சி.டி. ஆஞ்சியோகிராம் தெளிவாகக் காட்டிவிடும்.

இன்னொன்று. 2021 ஜூன் 12 அன்று ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்தில் விழுந்தது பலருக்கு நினைவிருக்கும். காரணம் எதுவானாலும், நின்றுபோன இதயத்தை அங்கேயே மார்பை அழுத்தி, டீஃபிப்ரிலேட்டர் ஷாக் கொடுத்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷமே அவர் மறுபடி ஆடினார். ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும், மார்பை அழுத்த ஆளில்லாவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. 108-க்கு உடனே போன் செய்ய வேண்டியதுதான். ஆனால் வண்டி வந்து சேரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. மார்பின் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். அரை நாளில் கற்றுக்கொள்ளலாம்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு சந்திப்பிலும் கல்லூரிக்கு ஏதாவது செய்வது நம் வழக்கம். இந்த முறை விளையாட்டு மைதானத்துக்கு ஒரு தானியங்கி டீஃபிப்ரிலேட்டர் வாங்கிக் கொடுப்போம். அதோடு அணி மாணவர்களுக்கும் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கும் மார்பு அழுத்தும் பயிற்சிக்கு ஏற்பாடு செய்வோம். நம் செட்டில் டாக்டர் இல்லாவிட்டால் என்ன, டாக்டரைக் கட்டிக்கொண்டவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள்! என் பங்கை நான் இப்போதே தரத் தயார்.

சந்திப்புக்கு வந்திருக்கும் அனைவருக்கும் என் வணக்கமும் வாழ்த்தும். தம்பி, தங்கைகளே, நன்றாகப் படியுங்கள், அதைவிட நன்றாக விளையாடுங்கள். உடம்பு ஏதாவது சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள்.